6,746,328,388,800: இராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

6,746,328,388,800 பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட முழு எண். மலேசியப் பள்ளிக் கணக்கில் இது 6 டிரில்லியன் 746 பில்லியன் 328 மில்லியன் 388 ஆயிரத்து 800. தமிழ்நாட்டு வழக்கில் சொன்னால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 10,080. ஒரு வாரத்தில் எத்தனை நிமிடங்களோ அத்தனை வகுத்திகள். இதைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. சீனிவாச இராமானுஜன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இத்தகைய எண்களை வரிசைப்படுத்திய நீண்ட பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் இந்த எண்ணோடு முடிகிறது. ஏறத்தாழ ஏழு டிரில்லியன் எண்களுக்கு நடுவில் இதுதான் முதலிடத்தில் நிற்கிறது என்பதைக் கணினி இல்லாத காலத்தில் ஒருவர் கையால் கணக்கிட்டு எப்படி அறிந்தார் என்பதே இந்த எண்ணின் கதை.

வகுத்திகளை எண்ணும் வழி

ஓர் எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் உள்ளன என்று அறிய அவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்து எழுதினால் போதும். இந்த எண் இப்படிப் பிரிகிறது:

6,746,328,388,800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இதை வகுக்கும் எந்த எண்ணும் இதே ஒன்பது பகா எண்களிலிருந்துதான் உருவாக முடியும். 2-ஐ எடுக்காமலே விடலாம். அல்லது ஒரு முறையிலிருந்து ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக 2-க்கு 7 வழிகள். அதேபோல 3-க்கு 5 வழிகள். 5-க்கும் 7-க்கும் தலா 3 வழிகள். 11, 13, 17, 19, 23 ஆகிய ஐந்துக்கும் தலா 2 வழிகள். இவற்றைப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குவதே விதி. எண் எவ்வளவு பெரிதானாலும் விதி மாறாது.

பகாக் காரணிகள் தெரிந்துவிட்டால் எண்ணின் பல இயல்புகள் நேராகத் தெரியவரும். 2-உம் 5-உம் இரண்டிரண்டு முறையாவது இருப்பதாலும், 5 இரண்டு முறைக்கு மேல் இல்லாததாலும் எண்ணின் கடைசியில் சரியாக இரண்டு சுழியங்கள் உள்ளன. இலக்கங்களைக் கூட்டினால் 63 வரும். 63 ஒன்பதால் வகுபடும் என்பதால் எண்ணும் ஒன்பதால் வகுபடும். ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் ஒரு வரிசை 37, மற்றொன்று 26, வித்தியாசம் 11. எனவே எண் 11-ஆல் வகுபடும். இவையெல்லாம் நடுநிலைப்பள்ளி மாணவர் தாளில் சரிபார்க்கக்கூடியவை.

1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் இது வகுபடும். முதன்முதலில் வகுக்க மறுப்பது 29. ஒன்று முதல் 28 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 80,313,433,200. அதன் 84 மடங்கே இந்த எண். இதற்கு முழு வர்க்கமூலம் இல்லாததால் வகுத்திகள் அனைத்தும் இரண்டிரண்டாகச் சோடி சேரும். ஆகவே இரண்டு எண்களின் பெருக்கமாக இதை 5,040 வழிகளில் எழுதலாம்.

முதல் ஒன்பது பகா எண்களையும் ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கினால் 223,092,870 கிடைக்கும். அதற்கு வகுத்திகள் 512. அதை 30,240-ஆல் பெருக்கும்போதுதான் நம் எண் கிடைக்கிறது, வகுத்திகள் 512-லிருந்து 10,080 ஆகின்றன. இந்த 30,240 தனியாகவே பெயர் பெற்ற எண்: தன்னையும் சேர்த்து அதன் வகுத்திகளைக் கூட்டினால் 120,960, அதாவது சரியாக நான்கு மடங்கு. இந்த இயல்புடைய எண்களுள் மிகச் சிறியது அதுவே.

10,080 எவ்வளவு அரிய தொகை என்பதைச் சராசரி காட்டும். ஒன்று முதல் இந்த எண் வரையுள்ள எண்களை எடுத்துக்கொண்டால், ஓர் எண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 30 வகுத்திகளே உள்ளன. இதற்கு அதைப்போல 300 மடங்குக்கும் மேல்.

பங்கிடுவதற்கு ஏற்ற எண்கள்

வகுத்திகள் மிகுந்த எண் நடைமுறையில் எதற்கு உதவும் என்பதைக் மலேசியாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டக் கணக்கு தெளிவாக்கும். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில் (வருகைப் பதிவில்) பேர் கொடுத்த தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு பங்கு மரங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டினால் பட்டை தாங்காது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாளோ மூன்று நாளுக்கு ஒருமுறையோ வெட்டு வரும்படி மரங்களை இரண்டாகவோ மூன்றாகவோ முதலில் பிரிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பகுதியையும் ஆட்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும்.

ஒரு காட்டில் 5,040 மரங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுக்கு அன்றாடம் 2,520 மரங்கள் வரும். ஆளுக்கு 420 மரமாக ஆறு பேருக்கு வேலை. மூன்று நாள் சுற்றுக்கு மாறினால் அன்றாடம் 1,680 மரங்கள். அதே 420 மரமாக நான்கு பேருக்கு வேலை. மரம் ஒன்றுகூட மிஞ்சாது. 5,040-க்கு 60 வகுத்திகள் இருப்பதே இதற்குக் காரணம். ஒரு மரம் குறைந்து 5,039 ஆனால் அது பகா எண். எந்தப் பிரிவினைக்கும் இடம் தராது. ஒரு மரம் கூடி 5,041 ஆனால் அது 71-இன் வர்க்கம். 71 பங்காகப் பிரிப்பது தவிர வேறு வழியில்லை. அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்கள் அளவில் ஏறத்தாழ ஒன்றே. பங்கீட்டில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை.

மனிதர் பழங்காலம் முதல் அளவைகளுக்குத் தேர்ந்துகொண்ட எண்களில் இந்த அறிவு பதிந்திருக்கிறது. 12, 24, 60, 360 ஆகியவை காலத்தையும் கோணத்தையும் அளக்கும் எண்கள். நான்குமே தமக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்டவை. கிரேக்க அறிஞர் பிளேட்டோ 'சட்டங்கள்' என்ற நூலில், முன்மாதிரி நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் வேண்டும் என்கிறார். நிலத்தையும் பொறுப்புகளையும் எப்படியும் பங்கிட அந்த எண் இடம்தரும் என்பதே அவர் காட்டும் காரணம். தோட்டங்களை அளந்த ஏக்கர் 43,560 சதுர அடி கொண்டது. அதற்கு 72 வகுத்திகள். அதே இலக்கங்களை இடம் மாற்றி 45,360 என்று எழுதினால் வகுத்திகள் 100 ஆகும். 45,360-க்கு முந்திய எந்த எண்ணும் நூறு வகுத்திகளை எட்டவில்லை.

உயர்பகு எண்கள்

தனக்குச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணை உயர்பகு எண் என்கிறோம். வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1,260, 1,680, 2,520, 5,040 என்று தொடங்குகிறது. பகா எண்ணுக்கு வகுத்திகள் இரண்டே. எனவே பகா எண்கள் ஓர் எல்லை என்றால், உயர்பகு எண்கள் அதற்கு நேர்எதிர் எல்லை. முன்னதைப் பற்றி யூக்ளிட் காலத்திலிருந்தே ஆராய்ச்சி உண்டு. பின்னதைத் தனித்துறையாக எடுத்து விரிவாக ஆராய்ந்த முதல் கட்டுரை இராமானுஜனுடையது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1909-இல் சயாமிடமிருந்து கெடா பிரிட்டிஷ் மேலாட்சிக்கு மாறியபின் அங்கே ரப்பர்த் தோட்டங்கள் பெருகிவந்த ஆண்டுகள் அவை. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குத் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுசென்றவை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனத்தின் கப்பல்கள். 1914 மார்ச் 17 அன்று இராமானுஜனை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட 'நெவாசா'வும் அதே நிறுவனத்தின் கப்பல்தான்.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டியோடு பணியாற்றிய இராமானுஜன், மறு ஆண்டே உயர்பகு எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் வெளியிட்டார். அச்சில் அது அறுபது பக்கங்களைத் தாண்டியது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிக்கான இளங்கலைப் பட்டம் வழங்கியது இந்தக் கட்டுரையின் பேரில்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வுகளில் தேறாமல் பட்டம் பெறாமலே போனவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது உயர்பகு எண்களின் ஆராய்ச்சி.

எண்ணின் உள்ளமைப்பு

இராமானுஜன் முதலில் கேட்ட கேள்வி: உயர்பகு எண்ணின் பகாக் காரணிகள் எந்த வடிவத்தில் இருந்தாக வேண்டும்?

முதல் விடை, பகா எண்கள் இடைவெளியின்றி வர வேண்டும் என்பது. 23 இருந்து 19 இல்லாத எண் ஒன்று இருந்தால், 23-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 19-ஐ வைக்கலாம். வகுத்திகளின் தொகை மாறாது. எண் மட்டும் சிறிதாகும். அதே அளவு வகுத்திகளோடு சிறிய எண் ஒன்று கிடைத்துவிட்டதால், முன்னது உயர்பகு எண்ணாக இருக்க முடியாது. இரண்டாவது விடை, அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறக்கூடாது என்பது. 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றி எண்ணைக் குறைத்துவிடலாம். மூன்றாவது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும் என்பது. இதற்கு விலக்கு இரண்டே எண்கள்: 4, 36. இந்த மூன்றாவதை நிறுவ அதிக உழைப்பு தேவைப்பட்டது. அதையும் இராமானுஜன் நிறுவினார்.

பட்டியலின் கடைசி எண்ணில் இவை மூன்றும் பொருந்துகின்றன. பகா எண்கள் 2 முதல் 23 வரை தொடர்ந்து வருகின்றன. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்குகின்றன. கடைசி அடுக்கு ஒன்று. ஆனால் இந்த வடிவத்தில் அமைந்த எண்கள் எல்லாம் உயர்பகு எண்கள் ஆகிவிடா. அடுக்குகளுக்கு இடையே சரியான விகிதமும் வேண்டும். ஒரு காரணியைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்த்தால் அந்த விகிதம் எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும்.

ஒரு 3-ஐ எடுத்துவிட்டு ஒரு 2-ஐச் சேர்த்தால் எண் மூன்றில் இரு பங்காகக் குறையும். வகுத்திகள் 9,216 ஆகும். ஒரு 7-ஐ எடுத்துவிட்டு 2-ஐயும் 3-ஐயும் சேர்த்தால் எண் ஏழில் ஆறு பங்காகும். வகுத்திகள் மறுபடியும் 9,216. ஒரு 5-ஐ எடுத்து இரண்டு 2-களைச் சேர்த்தால் 8,640. 23-ஐ அகற்றிவிட்டு 2-ஐயும் 11-ஐயும் சேர்த்தாலும் 8,640. 2, 3, 5 ஆகிய மூன்றையும் ஒவ்வொன்று எடுத்து, 30-க்குப் பதிலாக 29-ஐச் சேர்த்தால் எண் சற்றே குறையும், வகுத்திகள் 9,216. எந்தப் பக்கம் திருப்பினாலும் 10,080-ஐ எட்ட முடியவில்லை. இவற்றுள் முதலில் சொன்ன மாற்றம் தரும் 4,497,552,259,200 என்ற எண்ணே பட்டியலில் இதற்கு முந்திய உயர்பகு எண். அடுத்த உயர்பகு எண் 8,995,104,518,400; அதற்கு வகுத்திகள் 10,368.

0.207 என்ற திறவுகோல்

கழற்றி மாட்டும் சோதனை நம்பிக்கை தரும், நிரூபணம் ஆகாது. இராமானுஜனின் கட்டுரையில் மிக ஆழமான பகுதி இங்கேதான் வருகிறது. உயர்பகு எண்களுக்குள்ளேயே இன்னும் சிறந்த ஒரு வகுப்பை அவர் பிரித்தெடுத்தார். அவற்றை மேல்நிலை உயர்பகு எண்கள் எனலாம். ஒரு நேர்ம எண்ணைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு முழு எண்ணின் வகுத்திகளின் எண்ணிக்கையையும், அந்த முழு எண்ணை நாம் தேர்ந்த அடுக்குக்கு உயர்த்தினால் வரும் விடையால் வகுக்க வேண்டும். இந்த விகிதம் எந்த முழு எண்ணில் உச்சத்தை எட்டுகிறதோ அதுவே மேல்நிலை உயர்பகு எண். உச்சம் எங்கே என்று தேடவும் வேண்டியதில்லை. பகா எண்ணை அந்த அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழித்து, வரும் விடையால் ஒன்றை வகுத்தால் கிடைப்பதன் முழுப்பகுதியே அந்தப் பகா எண்ணுக்கு உரிய அடுக்கு.

தேர்ந்த அடுக்கு 0.207 என்று கொண்டு கணக்கிட்டால், 2-க்கு 6.48 வருகிறது, முழுப்பகுதி 6. 3-க்கு 3.92, முழுப்பகுதி 3. 5-க்கு 2.53, முழுப்பகுதி 2. 7-க்கு 2.02, முழுப்பகுதி 2. 11-க்கு 1.56, 23-க்கு 1.09, இடையில் உள்ளவற்றுக்கும் முழுப்பகுதி 1. 29-க்கு 0.99 வருகிறது, முழுப்பகுதி சுழியம், எனவே 29-க்கு இடமில்லை. ஒரே ஒரு தசம எண் ஒன்பது அடுக்குகளையும் ஒருசேரத் தீர்மானித்துவிட்டது. கிடைக்கும் எண்:

2⁶ × 3³ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 = 2,248,776,129,600

இதற்கு வகுத்திகள் 8,064. பட்டியலின் கடைசி எண் சரியாக இதன் மூன்று மடங்கு.

இதிலிருந்து கிடைக்கும் பலன் மிகப் பெரியது. விகிதத்தின் உச்சம் 2,248,776,129,600-இல் இருப்பதால், அதைப்போல மூன்று மடங்கு வரையுள்ள எந்த எண்ணுக்கும் வகுத்திகள் 8,064-ஐ 3-இன் 0.207 அடுக்கால் பெருக்கிய தொகையைத் தாண்ட முடியாது. அந்தப் பெருக்கல் தருவது ஏறத்தாழ 10,123. அதாவது ஒன்று முதல் 6,746,328,388,800 வரை எந்த எண்ணுக்கும் 10,123-க்கு மேல் வகுத்திகள் இருக்க வழியே இல்லை. நம் எண்ணுக்கு உள்ளவை 10,080. இடையில் எஞ்சும் இடம் 43 மட்டும். ஏழு டிரில்லியன் எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வேலையை ஒரு சமனின்மை முடித்துத் தந்துவிடுகிறது. மிச்சமுள்ள சிறு இடைவெளியை, அடுக்குகள் இறங்குவரிசையில் அமையும் சில எண்களை மட்டும் எடுத்துச் சரிபார்த்து அடைத்துவிடலாம்.

நம் எண் உயர்பகு எண்ணாயினும் மேல்நிலை வகுப்பைச் சேர்ந்தது அன்று என்பதற்கும் இதே கணக்கு காரணம் சொல்கிறது. தேர்ந்த அடுக்கை 0.207-லிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டே போனால், முதலில் உள்ளே நுழைவது 29, அது 0.2059 அளவில் நிகழ்கிறது. நான்காவது 3 நுழைவது 0.2031 அளவில்தான். 29-ஐ முந்திக்கொண்டு நான்காவது 3 வந்துவிட்ட எண் பட்டியலின் கடைசி எண். ஆகவே அது மேல்நிலை வரிசையில் நிற்பதில்லை. அந்த வரிசையில் அடுத்து வருவது 2,248,776,129,600-இன் 29 மடங்கான 65,214,507,758,400.

விடுபட்ட ஒன்று

இராமானுஜன் தந்த நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட பட்டியலைப் பிற்காலத்தில் சரிபார்த்தவர்கள் ஓர் எண் விடுபட்டிருப்பதைக் கண்டனர். அது 293,318,625,600.

293,318,625,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது 6,746,328,388,800. விடுபட்ட எண்ணின் 23 மடங்கே பட்டியலின் கடைசி எண். முதல் எட்டுப் பகா எண்களின் அடுக்குகள் இரண்டிலும் ஒன்றே. விடுபட்டதற்கு வகுத்திகள் 5,040. கடைசி எண்ணுக்கு அதன் இருமடங்கு. 5,040, 10,080 ஆகிய இவ்விரண்டு வகுத்தித் தொகைகளும் தாமே உயர்பகு எண்கள் என்பது இந்தச் சோடிக்கு உரிய தனி அழகு.

விடுபட்ட எண் தன் அண்டை எண்களோடு எப்படி மாறுபடுகிறது என்பது கவனிக்கத் தக்கது. அதற்கு முந்திய உயர்பகு எண் 240,940,299,600; வகுத்திகள் 4,800. அடுத்தது 321,253,732,800; வகுத்திகள் 5,376. இவ்விரண்டிலும் 23 இருக்கிறது. 7 ஒரே முறை வருகிறது. நடுவில் நிற்கும் 293,318,625,600-இல் 23 இல்லை. அதற்கு ஈடாக 7 இரண்டு முறை வருகிறது. 23 உள்ளே நுழையத் தொடங்கிய பின்னும், அது இல்லாமலே ஓர் எண் வரிசையில் இடம்பிடித்துவிடுகிறது. உயர்பகு எண்களின் வரிசை, மேல்நிலை எண்களைப்போல ஒரே சூத்திரத்தின் கீழ் ஒழுங்காக நடப்பதில்லை என்பதற்கு இந்த இடம் நல்ல சான்று. மேல்நிலை எண்களுக்கு இடையில் விழும் எண்களைத் தேடும்போது, பொதுப்போக்கிலிருந்து விலகி நிற்பவற்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது.

நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் ஒன்றே ஒன்று தவறியது என்பது இராமானுஜனின் உழைப்புக்குக் குறை ஆகாது. பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களைக் கையால் பெருக்கி, ஒப்பிட்டு, வரிசைப்படுத்திய பணி அது. மற்ற எண்கள் அனைத்தும் கணினிச் சோதனையில் நிலைத்து நின்றன. இன்று கணினி கொண்டு உயர்பகு எண்களைப் பல லட்சக் கணக்கில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பணிக்கும் அடிப்படை 1915-ஆம் ஆண்டின் கட்டுரை வகுத்த அமைப்பு விதிகளே.

வகுத்திகளின் கூட்டுத்தொகை

இதுவரை வகுத்திகள் எத்தனை என்ற கேள்வியே பேசப்பட்டது. அவற்றைக் கூட்டினால் என்ன வரும் என்பது அடுத்த கேள்வி. பகாக் காரணிகளைக் கொண்டே இதையும் கணக்கிடலாம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒன்று முதல் அதன் உச்ச அடுக்கு வரை கூட்டிப் பெருக்கினால், 127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20 × 24 = 39,413,832,353,280. இது எண்ணைப்போல ஏறத்தாழ 5.84 மடங்கு.

இந்த விகிதத்துக்கு ஓர் எல்லை உண்டா என்ற கேள்வி கணிதத்தின் மிகப் பெரிய தீராத சிக்கலான ரீமன் கருதுகோளோடு இணைகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் கி ரோபின் 1984-இல் வெளியிட்ட தேற்றம் அந்த இணைப்பைத் துல்லியமாகச் சொல்கிறது. ஓர் எண்ணின் இயல்மடக்கைக்கு மீண்டும் இயல்மடக்கை எடுத்து, அதை ஏறத்தாழ 1.781 என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். 5,040-க்குப் பெரிய எல்லா எண்களிலும் மேற்சொன்ன விகிதம் இந்தப் பெருக்குத்தொகைக்குக் குறைவாகவே இருக்குமானால் ரீமன் கருதுகோள் உண்மை. ஓர் எண்ணாவது அதை மீறுமானால் பொய். பட்டியலின் கடைசி எண்ணுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 6.03. எண்ணின் விகிதம் 5.84. எல்லைக்குள் அடங்குகிறது, ஆனால் மிக நெருங்கி நிற்கிறது. வகுத்திகள் மிகுந்த எண்கள்தாம் இந்த எல்லையை உரசிப் பார்க்கக் கூடியவை என்பதால், கருதுகோளைச் சோதிக்க விரும்புவோர் இத்தகைய எண்களையே தேடிப் போகிறார்கள்.

இராமானுஜன் இந்தத் திசையிலும் முன்பே நடந்திருந்தார். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்துக்குத் தந்த கட்டுரையின் பிற்பகுதி, அச்சுச் செலவு கருதி வெளிவராமலே நின்றுவிட்டது. வகுத்திகளின் கூட்டுத்தொகை உள்ளிட்ட பொதுவான சார்புகளுக்கு அதே முறையை விரித்து, ரீமன் கருதுகோளை உண்மை எனக் கொண்டால் என்னென்ன எல்லைகள் கிடைக்கும் என்பதை அந்தப் பகுதியில் அவர் எழுதியிருந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் 1988-இல் நரோசா பதிப்பகம் வெளியிட்ட 'தொலைந்த குறிப்பேடு' தொகுதியில் நிழற்படமாக வந்தன. ஜான் லூயி நிகோலாவும் ரோபினும் விளக்கக் குறிப்புகளோடு அந்தப் பகுதியை 1997-இல் 'இராமானுஜன் ஜர்னல்' இதழின் முதல் தொகுதியில் பதிப்பித்தனர். எழுதப்பட்டு எண்பது ஆண்டுகளுக்குப் பின் அது அச்சேறியது.

தொடர்ந்து வந்த ஆய்வுகள்

1920 ஏப்ரல் 26 அன்று இராமானுஜன் மறைந்தபின் இந்தத் துறையைப் பலர் வளர்த்தனர். அவர்களுள் தமிழகத்தைச் சேர்ந்த எஸ். எஸ். பிள்ளை குறிப்பிடத்தக்கவர். வகுத்திகளின் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கூட்டுத்தொகையை அளவுகோலாகக் கொண்டு, தனக்குச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் கூட்டுத்தொகை தரும் எண்களை 1943-இல் அவர் அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டு லியோனிதாஸ் அலாவுக்லுவும் பால் எர்டோசும் உயர்பகு எண்களையும் அவற்றை ஒத்த வகைகளையும் ஒருசேர ஆராய்ந்து எழுதினர். ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் உயர்பகு எண்கள் எத்தனை இருக்கும் என்ற கேள்விக்கு அதே 1944-இல் எர்டோசு கீழ் எல்லையைத் தந்தார். பின்னர் நிகோலா மேல் எல்லையைத் தந்தார். இரண்டு எல்லைகளும் இராமானுஜன் கட்டுரை காட்டியதைவிட நுட்பமானவை.

ஓர் எண் பெரிது என்பதால் மட்டும் அதற்குச் சிறப்பு வந்துவிடாது. 6,746,328,388,800-ஐவிட ஒன்று கூடிய எண்ணும் அதே அளவு பெரியதுதான். ஆனால் அது 2 முதல் 28 வரை எந்த எண்ணாலும் வகுபடாது. ஒன்றுக்கு 10,080 வகுத்திகளைத் தந்து, பக்கத்து எண்ணுக்கு அவற்றுள் 1 தவிர எதையும் தராமல் போவது பகா எண்களின் சேர்க்கை. அந்தச் சேர்க்கை எப்போது உச்சத்தை எட்டும் என்பதற்கு விதி உண்டு என்று கண்டதும், அந்த விதியைக் கையில் பிடித்துப் பதின்மூன்று இலக்கம் வரை நடந்து காட்டியதும் இராமானுஜனின் சாதனை. கெடாவின் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் பகாக் காரணிப்படுத்தலைக் கற்ற அன்றே இந்த எண்ணைப் பிரித்து 10,080-ஐக் கண்டுவிட முடியும். அங்கிருந்து ரீமன் கருதுகோளின் வாசல் வரை செல்லும் பாதையை இந்த ஒரே எண்ணைக் கொண்டு படிப்படியாகப் பின்தொடரலாம்.